கடல் கடந்த மாணாக்கர்

சென்னை மாநகரின் வடபால், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே அத்திப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பக்கத்துக் கடற்கரையில் 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பெற்றது. அதுவே பின்னர்க் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பூண்டது. அத்திப்பட்டிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்ப்பேட்டை, இராயபுரம் முதலிய இடங்களைக் கடந்து சென்னைக் கடற்கரை நிலையத்தை அடைகின்றது. அந்நிலையத்திற்கு எதிரே விளங்குவது பழைமை வாய்ந்த சென்னைத் துறைமுகம்.

அத்துறைமுகம் எண்ணற்ற மனிதர்களை வழியனுப்பியிருக்கின்றது. பொருள் ஈட்டச் சென்றோர் பலர். பதவி நாடிச் சென்றோர் பலர். கூலி வேலைக்குக் கண்ணீரோடு சென்றோரும் பலர். 1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் அங்கிருந்து கப்பல் ஏறிய ஒருவரோ இவை ஒன்றையும் நாடிச் செல்லவில்லை. அவர் கற்பதற்காகச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. அதே துறைமுகத்தின் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர் அவர். அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜனின் பெயரை அறியாத மாணவர் நம் நாட்டில் இரார். அவருடைய அறிவின் பெருமையை உலகம் பேசுகின்றது. ஆயினும், அவர் மாணாக்கராய் அமர்ந்த காலத்தைப் பற்றி நாம் மிகுதியாக எண்ணிப் பார்ப்பதில்லை. தாமே ஆயிரக்கணக்கான உண்மைகளைக் கண்டறிந்த ஒருவர், அயல்நாட்டில், அறிமுகமில்லாத மக்கள் நடுவில், மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்க எவ்வாறு இசைந்தார்? அந்நாட்டில் அவர் கழித்த முதல் நாட்கள் எத்தகையன? அவற்றை அறிவது, உயர்கல்வியை விழையும் உங்கட்குப் பெரிதும் பயன்படும்.

இளமையும் இடர்களும்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். குடும்பம் வறுமையுற்றது, எனினும் ஒழுக்கத்தில் சிறந்தது. சாரங்கபாணி கோயிலின் சன்னதித் தெருவில் இருந்த சிறிய இல்லத்தில் அவர் வளர்ந்தார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றார்.

அவருக்குப் பதினைந்து அல்லது பதினாறு வயது நடந்தபொழுது, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அந்நூலில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகள் வரிசையாக அடுக்கப்பெற்றிருந்தன. ஒவ்வொரு முடிபும் எவ்வாறு பெறப்பட்டது என்பதை அந்நூல் விரிவாக விளக்கவில்லை. விளக்கம் இல்லாத அக்குறையே இராமானுஜனுக்கு நிறைவாயிற்று. விடுபட்ட வழிகளை அவர் தாமே கண்டார். கண்டதோடு அமையாமல், அந்நூலில் இல்லாத புதிய முடிபுகளையும் காணத் தொடங்கினார். அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். தாள் வாங்கப் பொருள் இல்லாமையால், கணக்குகளைக் கற்பலகையில் போட்டு, முழங்கையால் துடைத்துத் துடைத்து, இறுதி முடிபை மட்டும் ஏட்டில் எழுதும் வழக்கம் அவருக்கு ஏற்பட்டது. வழியை விடுத்து முடிபை மட்டும் எழுதிய இப்பழக்கம், பின்னாளில் அவர் எதிர்கொண்ட பெருஞ்சோதனை ஒன்றுக்கு வித்தாயிற்று.

கணிதத்தின் மீது கொண்ட பேரார்வம் மற்றைப் பாடங்களை மறக்கச் செய்தது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை அவர் ஆங்கிலத்தில் தேறாமையால் இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. இவ்வாறாக, பிற்காலத்தில் உலகப் பேரறிஞர்கள் போற்றிய ஒருவர், இளமையில் பட்டம் ஏதும் இன்றி, குறிப்பேடுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார்.

துறைமுக அலுவலகத்தில்

அலைந்த காலத்தில் அவருக்கு நல்லோர் சிலரின் துணை கிடைத்தது. 1910-ஆம் ஆண்டில் அவர் திருக்கோவலூருக்குச் சென்று, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயரைக் கண்டார். அவர் அப்பொழுது அங்கே துணை ஆட்சியராய் இருந்தார். தம் அலுவலகத்தில் ஒரு சிறு வேலை தருமாறு இராமானுஜன் வேண்டினார். குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இத்தகைய அறிவைக் கடைநிலை வேலையில் மடங்கவிடுதல் தகாது என்று கருதிச் சென்னையிலுள்ள அறிஞர்களிடம் அவரை அனுப்பினார். நெல்லூர் ஆட்சியராய் இருந்த இராமச்சந்திர ராவ், சில காலம் மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து உதவினார். ஆனால், உழைக்காமல் பிறர் பொருளில் வாழ இராமானுஜனின் உள்ளம் ஒப்பவில்லை.

1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். அவர்தம் மேலதிகாரி நாராயண ஐயர், கணிதத்தில் வல்லவர். பகலெல்லாம் அலுவலகக் கணக்கு, இரவெல்லாம் கணிதம். ஆளுக்கொரு கற்பலகையை வைத்துக்கொண்டு இருவரும் நெடுநேரம் ஆராய்ந்தனர். இராமானுஜன் ஒரே வரியில் தாண்டிச் செல்லும் இடத்தைப் பத்து வரியாக விரித்து எழுதினாலன்றிப் பிறர்க்கு விளங்காது என்பதை நாராயண ஐயர் அவருக்கு எடுத்துரைத்து வந்தார். கழகத்தின் தலைவராய் இருந்த சர் பிரான்சிசு ஸ்பிரிங் என்னும் பொறியியல் அறிஞரும் இந்த எழுத்தரின் அருமையை உணர்ந்து ஊக்கினார்.

அன்பர்களின் தூண்டுதலால் இராமானுஜன் இங்கிலாந்திலுள்ள கணிதப் பேரறிஞர்கட்குக் கடிதம் எழுதினார். முன்னர் எழுதியவற்றால் பயன் விளையவில்லை. அவர் தளரவில்லை. 1913-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16-ஆம் நாள், கேம்பிரிட்ஜ் நகரத்து டிரினிட்டிக் கல்லூரியைச் சார்ந்த ஹார்டி என்னும் அறிஞர்க்கு மற்றொரு கடிதம் எழுதினார். ஏறத்தாழ 120 முடிபுகள் அதில் அடங்கியிருந்தன. முதலில் ஐயுற்ற ஹார்டி, தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் இருந்து அவற்றை ஆராய்ந்தார். எழுதியவர் ஒப்பற்ற மேதை என்னும் துணிவு இருவர்க்கும் பிறந்தது. ஆயினும் ஹார்டி எழுதிய மறுமொழியில் புகழுரையோடு ஒரு வேண்டுகோளும் இருந்தது. முடிபுகளுக்கு உரிய நிறுவல்களை விரைவில் அனுப்புமாறு அவர் கேட்டிருந்தார். நிறுவல் என்பது ஒரு முடிபு எவ்விடத்தும் எக்காலத்தும் பொய்க்காது என்பதைப் படிப்படியாகக் காட்டி மெய்ப்பித்தல் ஆகும்.

ஹார்டியின் மறுமொழி சென்னையில் பல கதவுகளைத் திறந்தது. பட்டம் பெறாத இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை அளித்தல் ஒன்றே அவர்க்குரிய கடமை. எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர் ஆராய்ச்சி மாணவரானார். விதிகள் அறிவுக்காக வளைந்து கொடுத்த அந்நிகழ்ச்சி, அப்பல்கலைக்கழகத்திற்குப் பெருமை தருவதாகும்.

பிரிவும் பயணமும்

1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெவில் என்னும் இளம்பேராசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். இராமானுஜனை உடன்படச் செய்து இங்கிலாந்துக்கு அழைத்து வருமாறு ஹார்டி அவரிடம் ஒப்படைத்திருந்தார். கடல் கடத்தல் குலவொழுக்கத்திற்கு மாறானது என்று கருதப்பட்ட காலம் அது. கோமளத்தம்மாளும் முதலில் இசையவில்லை. பின்பு, தாம் வழிபட்டுவந்த நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி, மகனைத் தடுத்தல் ஆகாது என்று உணர்த்தியதாகக் கூறி அவ்வன்னையார் விடை தந்தார் என்பர்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டொன்றுக்கு 250 பவுன் உதவித்தொகையும் பயணச் செலவும் வழங்கியது. டிரினிட்டிக் கல்லூரியும் ஆண்டுக்கு 60 பவுன் அளித்தது. தமக்குக் கிடைத்த தொகையிலிருந்து மாதந்தோறும் 60 ரூபாய் தம் இல்லத்திற்குச் செல்லுமாறு இராமானுஜன் ஏற்பாடு செய்தார். கற்கச் செல்லும்பொழுதும் பெற்றோரையும் மனைவி சானகியையும் பேணும் கடமையை அவர் மறந்தாரல்லர்.

புறப்படுவதற்கு முன் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. அது அவருக்குப் பெருந்துயர் தந்தது. மேல்நாட்டு உடை தைக்கப்பெற்றது. மேல்நாட்டு முறையில் உண்ணவும் அவர் பழகினார். இக்கோலத்தில் தம்மைக் கண்டால் தாயும் மனைவியும் வருந்துவர் என்றெண்ணி, அவ்விருவரையும் முன்னதாகவே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். நாராயண ஐயர், இரவெல்லாம் இருவரும் கணக்கிட்ட நினைவுக்காகத் தம் கற்பலகையைக் கொடுத்து இராமானுஜனின் கற்பலகையைப் பெற்றுக்கொண்டார் எனக் கூறுவர்.

நேவாசா என்னும் அக்கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கியது. தொடக்கத்தில் கடல் நோய் அவரை வருத்தியது. கொழும்பு கடந்தபின் தேறினார். ஏடன், சூயசு வழியாகச் சென்று, சரியாக நான்கு வாரம் கழித்து, ஏப்பிரல் 14-ஆம் நாள் அவர் இலண்டனை அடைந்தார். முன்பே ஊர் திரும்பியிருந்த நெவில் அவரை எதிர்கொண்டு வரவேற்றார். சில நாட்கள் இலண்டனில் தங்கியபின், ஏப்பிரல் 18-ஆம் நாள் இருவரும் கேம்பிரிட்ஜுக்குச் சென்றனர்.

முதல் நாட்கள்

கேம்பிரிட்ஜ், கேம் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த கல்வி நகரம். நியூட்டன் வாழ்ந்து கற்பித்த டிரினிட்டிக் கல்லூரி அங்கேதான் உள்ளது. இராமானுஜன் உடனே கல்லூரியில் தங்கவில்லை. ஆற்றையடுத்த செஸ்டர்டன் சாலையில் இருந்த தம் இல்லத்திலேயே நெவிலும் அவர் துணைவியாரும் அவருக்கு இடம் அளித்தனர். நெவில் இராமானுஜனை விட ஓராண்டுக்கு மேல் இளையவர். ஆயினும் தமையன் தம்பியைப் பேணுவது போல், கல்லூரியில் சேர்வதற்கு வேண்டிய ஒழுங்குகளில் அவருக்குத் துணை நின்றார். புதிய இடத்திற்குக் கற்க வரும் ஒருவர்க்கு நூலகமும் ஆசிரியரும் எவ்வளவு இன்றியமையாதவரோ, அவ்வளவு இன்றியமையாதது அன்புடைய ஓர் இல்லம் என்பதை நெவில் அறிந்திருந்தார்.

அம்முதல் நாட்களில் இராமானுஜனை வருத்தியவை பெரிய துன்பங்கள் அல்ல, சிறிய துன்பங்களே. இருபத்தாறு ஆண்டுகள் கட்டின்றி நடந்த கால்கள் தோற்காலணிக்குள் அடைபட்டு நொந்தன. புலால் உண்ணாத அவருக்கு அந்நாட்டுக் காய்கறிகளின் சுவை ஒவ்வவில்லை. சோறும் சாற்றமுதும் மோரும் உண்டு பழகியவர் அவித்த முட்டைக்கோசினை உண்ண நேர்ந்தால் என் செய்வார்! பேசும் மொழி வேறு, உண்ணும் முறை வேறு, வெயிலும் வேறு. கும்பகோணத்தின் கோயில் மணியோசை இல்லை. திண்ணையில் அமர்ந்து பேசும் சுற்றமும் இல்லை.

இத்தகைய சிறு துன்பங்களே புதிய மாணாக்கரை மனந்தளரச் செய்யும். ஊருக்குத் திரும்பிவிடலாமோ என்ற எண்ணம் பலர்க்கு இந்நாட்களில் தோன்றுவது இயல்பு. இராமானுஜன் தளரவில்லை. விடத் தக்கவற்றை விட்டார். விடத் தகாதவை என்று தாம் கருதியவற்றை உறுதியாகப் பற்றினார். உடையை மாற்றிக்கொண்டார், உணவு நெறியை மாற்றவில்லை. சூன் திங்களில் கல்லூரியைச் சார்ந்த வீவெல் முற்றம் என்னும் மாணவர் விடுதிக்குக் குடிபெயர்ந்து, அங்கே தம் அறையிலேயே தாமே சமைத்து உண்டார். புளியும் தேங்காயெண்ணெயும் அஞ்சலில் அனுப்புமாறு சென்னையிலுள்ள நண்பருக்கு எழுதினார். எண்களின் வானத்தில் பறந்த அம்மேதைக்கும் நம் அடுக்களைப் புளியின் மேல் ஏக்கம் இருந்தது என்பதை அறியும்பொழுது நம் உள்ளம் கனிகின்றது.

குளிர்காலம் வந்தபொழுது மற்றொன்று நிகழ்ந்தது. பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராய்ப் புகழ்பெற்ற மகலனோபிசு அப்பொழுது கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்தார். இராமானுஜன் குளிரால் இரவில் உறங்க முடியாமல் வருந்துவதை அறிந்து, அவர் படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் யாவும் மெத்தையின் மேல் ஒழுங்காக விரிக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றின் இடையே நுழைந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலங்கியையும் போர்வையையும் போர்த்து, கம்பளிகளின் மேலேயே படுத்துவந்தார். மகலனோபிசு அன்போடு அம்முறையைக் காட்டினார். அறியாததைக் கேட்பதற்கு இராமானுஜன் நாணினார் போலும்! எவ்வளவு கற்றவராயினும், புதிய இடத்தில் ஒன்றை அறியாதிருத்தல் இழுக்கன்று. கேளாமல் துன்புறுதலே தவிர்க்கத் தக்கது.

மெய்ப்பிக்கும் கல்வி

உடல் உற்ற துன்பங்களினும் பெரிய சோதனை ஒன்று அவர் அறிவுக்குக் காத்திருந்தது. இராமானுஜனின் குறிப்பேடுகளை ஹார்டியும் லிட்டில்வுட்டும் நேரில் கண்டு வியந்தனர். அவற்றுள் பல முடிபுகள் முற்றிலும் புதியன. சில, பிற அறிஞர் முன்னரே கண்டவை; இராமானுஜன் அவர்தம் நூல்களைக் கண்டிலராதலின் தாமும் தனியே கண்டிருந்தார். வேறு சிலவோ தவறானவை.

தவறு எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2, 3, 5, 7, 11 முதலிய எண்கள் ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிற எண்களால் மீதியின்றி வகுபடா. இவற்றைப் பகா எண்கள் என்பர். குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைக் கணிக்க இராமானுஜன் ஒரு வாய்பாடு கண்டிருந்தார். எண்கள் சிறியனவாய் இருக்கும் வரையில் அது உண்மைக்கு மிக நெருங்கிய விடையைத் தந்தது. எண்கள் அளவிறந்து பெருகும்பொழுதோ, அவர் கருதிய நுட்பம் நிலைபெறவில்லை. நூறு இடங்களில் மெய்யாகத் தோன்றுவது நூற்றொன்றாம் இடத்தில் பொய்க்கக் கூடும். ஆதலின் கணிதத்தில் எத்தனை எடுத்துக்காட்டுகள் இருப்பினும் நிறுவல் இன்றி முடிபு ஏற்கப்படுவதில்லை.

தாம் பல்லாண்டு பாடுபட்டுக் கண்ட ஒன்று தவறு என்று பிறர் கூறும்பொழுது அதனை ஏற்பது எளிதன்று. புகழ் பெற்றவர்க்கு அது மேலும் அரிது. இராமானுஜன் அதனை ஏற்றார். கணிதத்தைத் தாமே கற்ற அவர், நிறுவும் முறையைப் பிறரிடம் கற்க அமர்ந்தார். பல்கலைக்கழக விரிவுரைகள் சிலவற்றிற்கும் சென்றார். ஒரு நாள் பெர்ரி என்னும் ஆசிரியர் கரும்பலகையில் சில வாய்பாடுகளை விளக்கிக்கொண்டிருந்தார். இராமானுஜனின் முகம் மலர்ந்திருப்பதைக் கண்டு, ஏதேனும் கூற விரும்புகின்றாரா என வினவினார். இராமானுஜன் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிபுகள் சிலவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். கற்க வந்த இடத்திலும் அவர் கற்பிப்பவராகவே விளங்கினார். எனினும் கற்பதை நிறுத்தினாரல்லர்.

அவருக்குக் கற்பித்தலும் எளிதாக இல்லை. ஒன்றை விளக்கத் தொடங்கினால், அதனைக் கேட்ட அளவிலேயே புதிய எண்ணங்கள் வெள்ளம் போல் அவரிடமிருந்து பெருகின. லிட்டில்வுட் தொடங்கிய பாடம் பாதியிலேயே நின்றுவிடும். ஹார்டிக்கு ஒரு பெரிய அச்சம் இருந்தது. முறையான பாடங்கள் அனைத்தையும் கற்குமாறு வற்புறுத்தினால் இராமானுஜனின் தன்னம்பிக்கை குலைந்து, ஊற்றுக்கண் அடைபட்டுவிடுமோ என்று அவர் அஞ்சினார். கல்லாமல் விட்டாலோ, பிழையும் மெய்யும் கலந்தே நிற்கும். ஆதலால் வேண்டியவற்றை மட்டும் வேண்டிய பொழுதில் கற்பித்தார். அவ்வாறு கற்பித்த காலத்தில், இராமானுஜனுக்குத் தாம் கற்பித்ததினும் அவரிடமிருந்து தாம் கற்றதே மிகுதி என்று ஹார்டி பின்னாளில் ஒப்புக்கொண்டார். நல்லாசிரியரும் நன்மாணாக்கரும் கூடிய கூட்டுறவு இதுவே ஆகும்.

இக்கூட்டுறவு விரைவில் பயன் தந்தது. ஓர் எண், தன்னினும் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுத்திகளைப் பெற்றிருக்குமாயின், அதனைப் பற்றி இராமானுஜன் விரிவாக ஆராய்ந்தார். 60 என்னும் எண்ணை நோக்குக. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். 60-க்கு 12 வகுத்திகள் உள்ளன. அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. ஆகவே அதனைப் பாதியாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஐந்தாகவும் ஆறாகவும் பங்கிடுதல் எளிது. இத்தகைய எண்களின் இயல்பு பற்றி அவர் எழுதிய நெடிய கட்டுரை 1915-இல் இலண்டனில் வெளிவந்தது. அவ்வாராய்ச்சிக்காக 1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி வழியில் பி.ஏ. பட்டம் அளித்தது. இன்று முனைவர் பட்டம் என வழங்குவது அப்பொழுது அப்பல்கலைக்கழகத்தில் ஏற்படவில்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வில் தோற்றவர், இவ்வாறு ஆராய்ச்சியால் பட்டம் பெற்றார்.

பின்னர் அவரும் ஹார்டியும் சேர்ந்து எண்களின் பிரிவினை பற்றி ஆராய்ந்தனர். 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 100 என்பதை எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? 19,05,69,292 வகையாகப் பிரிக்கலாம்! ஒவ்வொன்றாக எழுதி எண்ண ஒருவர் வாழ்நாள் போதாது. அவ்விருவரும் 1918-இல் வெளியிட்ட வாய்பாடு இத்தொகையைக் கணிக்க வழி காட்டியது. இராமானுஜனின் உள்ளுணர்வும் ஹார்டியின் நிறுவும் திறனும் கூடியதாலேயே அவ்வாய்பாடு பிறந்தது.

புகழும் பிணியும்

இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சேர்ந்த சில திங்களில், 1914-ஆம் ஆண்டு ஆகத்து 4-ஆம் நாள், இங்கிலாந்து முதல் உலகப் போரில் இறங்கியது. செப்டம்பர் 22-ஆம் நாள் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கலம், அவர் கப்பல் ஏறிய சென்னைத் துறைமுகத்தின் மீதே குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. லிட்டில்வுட் போர்ப் பணிக்குச் சென்றார். காய்கறியும் பாலும் அரியவாயின. உடனிருந்து சமைத்துக் கொடுக்கவோ, உறங்குமாறு வற்புறுத்தவோ ஒருவரும் இல்லை. பல மணிநேரம் இடையறாது உழைத்து, உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் இராமானுஜன் மறந்தார். 1917-ஆம் ஆண்டில் கடும்பிணி அவரைப் பற்றியது. அஃது இன்ன நோய் என்று அக்கால மருத்துவர்களால் ஐயமின்றித் துணிய இயலவில்லை.

பிணியின் நடுவே புகழும் வந்தது. 1918-இல் அவர் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். 1919-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் கற்பலகையையும் தாளையும் அவர் கைவிடவில்லை. 1920-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில், தம் முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். இறுதிக் காலத்தில் அவர் எழுதிய தாள்களின் கட்டு 1976-இல் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அத்தாள்களில் உள்ள முடிபுகளை மெய்ப்பிக்க உலகக் கணித அறிஞர்கள் பல்லாண்டு உழைத்தனர்.

நாம் கற்கும் பாடம்

மாணவர்களே! இராமானுஜனின் மேதைமை இயற்கை அளித்த கொடை. அதனை யாவரும் பெறுதல் இயலாது. ஆனால் அவருடைய மாணாக்கத்தன்மை நாம் யாவரும் பெறக் கூடியது. தாம் அறிந்தவற்றை உறுதியோடு பற்றிக்கொண்டும், அறியாதவற்றைப் பணிவோடு கேட்டுக்கொண்டும் அவர் கற்றார். தவறு சுட்டப்பட்டபொழுது சினவாமல் திருத்திக்கொண்டார். அதே வேளையில், உடலைப் பேணாமல் ஒருவர் உழைப்பாராயின், அறிவுக்கு உறையுளாகிய அவ்வுடல் இடையில் முறிந்துவிடும் என்பதையும் அவர் வாழ்வு துயரத்தோடு நமக்கு உணர்த்துகின்றது. அறிமுகமற்ற இடத்தில் கற்க வந்த ஒருவரை நீங்கள் காண நேர்ந்தால், நெவிலைப் போல் இல்லத்தையும் மகலனோபிசைப் போல் அன்பையும் அவருக்கு அளிப்பது உங்கள் கடமை.

இராமானுஜனின் நினைவைப் போற்றும் வகையில் துறைமுகத்தையடுத்த இராயபுரத்தில் 1993-ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. அத்திப்பட்டிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ தொடர்வண்டியில் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் பலர், அத்துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை நாள்தோறும் காண்கின்றனர். இனி அவற்றைக் காணும்பொழுது, கற்பலகையை மாற்றிக்கொண்டு கப்பல் ஏறிய அவ்விளைஞரை ஒருகணம் நினைவு கூர்க. நீங்களும் ஒரு நாள் புதிய ஊரில், புதிய கல்விக்கூடத்தில், புதிய மனிதர் நடுவில் முதல் வாரத்தைக் கழிக்க நேரும். அப்பொழுது காலணி கடித்தாலும் உணவு ஒவ்வாவிட்டாலும் மனந்தளராதீர்கள், வினவ நாணாதீர்கள், பெற்றோர்க்கு எழுத மறவாதீர்கள். கற்க வேண்டியது இன்னும் உண்டு என்ற எண்ணத்தோடு ஆசிரியர் முன் அமருங்கள். இராமானுஜன் அவ்வாறே அமர்ந்தார்.